தேத்தண்ணி கலக்கியவளின் திருத்தங்கள்

தம்பி,

கல்யாண விருந்தில் நீ பேசப்போவதை மூன்று தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, தமிழில் பிழை இருந்தால் திருத்தி வைக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாய். ஒற்றுப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தியாயிற்று. மற்ற பிழைகளை எழுதத் தாளின் ஓரம் போதவில்லை. அதனால்தான் தனியாக இந்தக் கடிதம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு, நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய். உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு "சரி, விடு" என்பார். நானும் கோபத்தில் சட்டி பானையை உருட்டப் போய்விடுவேன். முப்பது வருஷமாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. இந்தத் தடவை சட்டி பானை அப்படியே கிடக்கட்டும்.

நீ எழுதியதையே உனக்குத் திருப்பி எழுதுகிறேன், படி. "நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு ரிமோட் பந்தயக் காரைக் கட்டினோம். என்னைப் பொறியாளன் ஆக்கியது அந்தக் கார்தான். நாங்கள் இருவரும் வேலை செய்யும்போது அம்மா பொறுமையாகத் தேநீர் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்." தேநீர் கலக்கிக் கொடுத்தேனாம். பொறுமையாக வேறு. தம்பி, நான் எப்போதடா பொறுமையாக இருந்தேன்? அந்த வரியைப் படித்ததும் அடுப்பில் இருந்த பருப்பு அடிபிடித்துப் போனது. அதைச் சுரண்டிச் சுரண்டி யோசித்தேன். ஐந்நூறு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில், மைக்கில், என் மகன் இதைச் சொல்லப்போகிறான். சொந்தக்காரர்கள் எல்லாரும் உன் அப்பாவைப் பார்த்துக் கை தட்டப்போகிறார்கள். அவரும் பாதி எழுந்து கும்பிடு போடப்போகிறார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தக் காரின் பெட்டி வீட்டுக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்கலாம். மேலே ஒரு கார் மண்ணைக் கிளப்பிக்கொண்டு தாவுகிற படம். உள்ளே கார் இல்லை. பிளாஸ்டிக் கிளைகளில் தொங்கும் துண்டுகளும், எழுத்துப் போட்ட பைகளில் திருகாணிகளும், ஒரு புத்தகமும்தான் இருந்தன. உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். ரயில்வே ஆபீஸ் கிளார்க் இல்லையா, எழுத்தைக் கண்டால் விடமாட்டார். ஒவ்வொரு வரியையும் சத்தமாக ஆங்கிலத்தில் வாசித்து உனக்குத் தமிழில் விளக்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்தார். நான்காவது ஞாயிறு காரைத் தரையில் விட்டு நீ முன்னால் போக அழுத்தினாய். அது பின்னால் ஓடிப்போய் ஐஸ்பெட்டியில் முட்டியது. ஜப்பான்காரன் கார் அப்படித்தான் போல என்று உன் அப்பா சொன்னார். எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

நீ அழுதுகொண்டு அறைக்குப் போனாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். எழுத்தை நான் பார்க்கவே இல்லை, படத்தைப் பார்த்தேன். சுங்கைவே ஃபேக்டரியில் நான் அதற்கு முன்பே பத்து வருஷம் ரேடியோ பலகைக்கு ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தவள். பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே யாரும் புத்தகம் வாசித்துக் காட்டவில்லை. படத்தைச் சுவரில் ஒட்டுவார்கள், அதைப் பார்த்துக் கை செய்ய வேண்டும். உன் அப்பா பின்சக்கரத்துப் பல்சக்கரப் பெட்டியை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தார். இருபத்திரண்டு திருகாணி. அத்தனையும் கழற்றித் திருப்பிப் பூட்டி, ஐஸ்பெட்டியில் இடித்து விரிசல் விட்ட முன்பக்கத்துக்கு ஒரு தகரப் பட்டை வைத்துக் கட்டிவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்து ஓட்டினாய். முன்னால் போனது. "அப்பா, சரியாயிடுச்சு" என்று கத்திக்கொண்டு நீ அவரைத் தேடி வாசலுக்கு ஓடினாய். அந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது தம்பி, நீ எழுதிய பொய்.

அதற்குப் பிறகு என்னென்ன செய்தேன் என்று பட்டியல் போட எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சிலதைச் சொல்லத்தான் வேண்டும். மோட்டாரின் சின்னப் பல்லும் பெரிய பல்சக்கரமும் இறுகினால் மோட்டார் சூடாகும், விலகினால் பல் தேயும். இரண்டுக்கும் நடுவே மினிபஸ் டிக்கெட்டை நுழைத்து, இறுக்கிப் பூட்டிவிட்டு டிக்கெட்டை உருவி எடுத்தால் அதுதான் சரியான இடைவெளி. யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. நாலு பெரிய பல்சக்கரம் தேய்ந்த பிறகு நானே கண்டுபிடித்தது. குலுக்கலைத் தாங்கும் ஷாக்கில் போட எண்ணெய் தீர்ந்தபோது உன் அப்பா என் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றி வைத்தார். ரப்பர் வளையம் ஊதிப்போய், ஒரு வாரத்தில் நாலு ஷாக்கும் ஒழுகியது. அதைப் பிரித்துக் கழுவி, வளையம் மாற்றி, காற்றுக்குமிழி போக ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டியது நான். கார் இடது பக்கமே இழுக்கிறது என்று நீ அழும்போதெல்லாம் டயரின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்து முன்சக்கரக் கம்பியை அரைச் சுற்றுத் திருகியதும் நான். இத்தனைக்கும் நடுவில் தேத்தண்ணியும் கலக்கினேன். அதை மறுக்கவில்லை.

சுபாங் ஜெயாவில் அந்தச் செம்மண் திடல் ஞாபகம் இருக்கிறதா? இப்போது அங்கே வரிசையாகக் கடைவீடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய டயர்களை நட்டு வளைவுகள் வைத்து, மண்ணைக் குவித்து மேடு போட்டு, நடுவில் ஓட்டுகிறவர்கள் நிற்க ஒரு பரண் கட்டியிருப்பார்கள். ஓரமாகக் கூடாரத்துக்குக் கீழே நீள மேசை, அதுதான் காரைப் பழுது பார்க்கிற இடம். உன் கார் ஜெயிக்க ஆரம்பித்ததும் ஆட்கள் உன் அப்பாவைத் தேடி வந்து, மோட்டாருக்கு எத்தனை பல் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் முறுக்கு டின்னைத் திறந்துகொண்டே "பதினேழு" என்று மெதுவாகச் சொல்வேன். "பதினேழு" என்று அவர் கணீரென்று சொல்வார். கேட்டவர் அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போவார். கோபம் கோபமாக எழுதுகிறேனே தவிர, அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. புருஷன் சந்தோஷமாக இருக்கிறார், பிள்ளை ஜெயிக்கிறான், நாம் எதற்கு நடுவில் என்று விட்டுவிட்டேன். அது என் முதல் தப்பு. நான் விட்டுக்கொடுத்ததை இன்று நீ எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

இதை வைத்து உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன். இது அறிவுரை இல்லை, எச்சரிக்கை. உனக்கு வரப்போகிறவள் உன்னைவிடக் கெட்டிக்காரி, நிச்சயதார்த்தத்தன்று மைக் கெட்டுப்போனபோது அதைத் தட்டிச் சரி செய்தவள் அவள்தான். அவள் ஒரு திருகாணியை முடுக்கினால், முடுக்கியது அவள் என்று சத்தமாகச் சொல். அவள் "பரவாயில்லை" என்று சொன்னாலும் சொல். பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் நான் இந்தத் தாளில் தேத்தண்ணியாகிவிட்டேன்.

முதல் தாளுக்கு இவ்வளவு போதும். இதோடு நின்றிருந்தால் "தேநீர்" என்ற வரியை அடித்துவிட்டு, உன்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு, கல்யாண வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் இரண்டாவது தாளில் குணாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். "கடைசிப் பந்தயத்தில் ஒரு பொறாமைக்காரன் என் காரைக் கவிழ்த்தான். கிள்ளான்காரன். நண்பன் என்று நம்பினேன். யாரோடு பழக வேண்டும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்." பக்கத்தில் அடைப்புக்குள் "இங்கே எல்லாரும் சிரிப்பார்கள்" என்று வேறு குறித்து வைத்திருக்கிறாய். அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது தம்பி.

குணாவை நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அவன் கார் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். யார் யாரோ உடைத்துத் தூக்கிப் போட்ட இரண்டு கார்களை ஒன்றாக்கி அவனே கட்டியது. முன்னால் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம். நீயும் அவனும் இரண்டு வருஷம் ஒட்டிக்கொண்டு திரிந்தீர்கள். ஞாயிறு பந்தயம் முடிந்து நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஆன்டி, ரசம் இன்னும் இருக்கா?" என்று மறுபடி தட்டை எடுப்பான். அந்தத் திடலில் காரை யார் கட்டுகிறார்கள் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் பதினேழு என்ற சொல் உன் அப்பா வாயிலிருந்து வந்ததைக் கேட்டார்கள். குணா என் வாயைப் பார்த்தான். அதன் பிறகு அவன் கார் பழுதானால் நேராக என்னிடம்தான் வருவான்.

அங்கே இருந்த கிளிப் சட்டம் உனக்குத் தெரியும். உனக்கு வரப்போகிறவளும் இதைப் படிக்கட்டும் என்று விளக்கி எழுதுகிறேன். ரிமோட்டுக்கு ஆறு அலைதான், ஆறுக்கும் ஆறு நிறம். ஒரே நிறத்தில் இரண்டு ரிமோட்டை ஒரே நேரத்தில் போட்டால் கார் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பேய் பிடித்த மாதிரி ஓடும். அதனால் நிறத்துக்கு ஒன்றாகப் பலகையில் ஆறு துணிக் கிளிப் மாட்டியிருக்கும். உன் நிறக் கிளிப்பை எடுத்து உன் ரிமோட்டின் ஏரியலில் மாட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். கிளிப் பலகையில் இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஆறு கிளிப்பும் நம் வீட்டுத் துணிக்கொடியிலிருந்து போனது. கேட்டுக்குப் பூசிய மிச்ச பெயிண்ட்டையும் என் நகப்பூச்சையும் வைத்து நிறம் அடித்துக் கொடுத்தவள் நான். உனக்கும் குணாவுக்கும் சிவப்பு. ஒரே கிளிப்பில் இரண்டு பேர். நீ ஓட்டும்போது அவன் சும்மா நிற்பான், அவன் ஓட்டும்போது நீ சும்மா நிற்பாய்.

அந்தக் கடைசிப் பந்தயத்தில் ஜெயித்தால் கோப்பையும், சிங்கப்பூருக்குப் போகிற அணியில் இடமும். குணா அரையிறுதியில் நின்றுவிட்டான், ஸ்டேரிங் ஒரு பக்கம்தான் திரும்பியது. காரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். உள்ளே ஒரு வயர் அறுந்திருந்தது. வைத்துவிட்டுப் போ, பற்றவைத்துத் தருகிறேன் என்றேன். நாக்கு வறண்டு கிடந்தது, குடிக்க ஏதாவது வாங்கி வரச் சொன்னேன். தம்பி, அவனை அங்கிருந்து அனுப்பியதே நான்தான். அவன் போனதும் பேட்டரியில் ஓடும் சால்டர் கம்பியை எடுத்துக் குனிந்தவள்தான். இறுதிப் பந்தயத்துக்கு நீங்கள் எல்லாரும் பரணில் ஏறியது தெரியாது. ஊதல் சத்தம் கேட்டது. அது முன்னால் நடந்த பந்தயம் முடிந்த ஊதல் என்று நினைத்தேன். பத்து வருஷம் மிஷின் இரைச்சலில் உட்கார்ந்தவளுக்கு, வேலை கையில் இருந்தால் காது அடைத்துவிடும்.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு பழக்கம். பற்றவைத்த சூடு ஆறியதும் கரண்ட் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்தவள் கைக்குத் தள்ள வேண்டும். சோதிக்காமல் தள்ளினால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துவார். அது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். வயர் ஆறியது. குணாவின் காரை முறுக்கு டின்மேல் தூக்கி வைத்தேன். அவன் ரிமோட்டை எடுத்தேன், ஏரியலை முழுதாக இழுத்தேன், சுவிட்சைப் போட்டேன். கிளிப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தக் கிளிப்புக்கு நிறம் அடித்த கை இது. சக்கரம் இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது. எனக்கு ஒரே சந்தோஷம். மோட்டாரையும் ஒரு இழு இழுத்துப் பார்த்தேன். அப்போதுதான் திடலிலிருந்து கூச்சல் கேட்டது. ரிமோட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். கடைசிச் சுற்றில் முதலாவதாக வந்துகொண்டிருந்த உன் கார் நேராகப் போய் சிமெண்ட் லோங்காங் வாய்க்காலில் விழுந்து கிடந்தது. முன்பக்கம் இரண்டு துண்டு.

பந்தயத்தை நடத்திய பெரியவர் நேராகக் கூடாரத்துக்கு வந்து ஒவ்வொரு ரிமோட்டாகப் பார்த்தார். குணாவின் ரிமோட்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்று மலாயில் கேட்டார். "சியாப்பா புன்யா?" அந்த நேரம் பார்த்துக் குணா வந்தான். இரண்டு கையிலும் கயிறு கட்டிய சிவப்புச் சிராப் சர்பத் பொட்டலம், ஒன்று எனக்கு, ஒன்று ஜெயித்து வரப்போகிற உனக்கு. ரிமோட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் கூட்டத்தில் உன் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாய். பொட்டலம் உடைந்து அவன் சட்டையெல்லாம் சிவப்பு. அரையிறுதியில் தோற்ற வயிற்றெரிச்சல் என்று நாலு பேர் சொன்னார்கள். இனி இந்தத் திடலில் கால் வைக்கக் கூடாது என்று பெரியவர் சொன்னார். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? முறுக்கு டின்னும் ஃபிளாஸ்குமாக உட்கார்ந்திருக்கிற பொம்பளை சுவிட்சைத் தொடுவாளா? உன் பேச்சில் என்னைத் தேத்தண்ணி கலக்குகிறவளாக எழுதியிருக்கிறாய் என்று இத்தனை பக்கம் பொரிந்து தள்ளினேனே, அன்று அந்தத் தேத்தண்ணிக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன். உப்புத் தின்றவள் நான், தண்ணீர் குடித்தவன் அவன்.

மறுநாள் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் நல்லவர்தான், அதுதான் எப்போதும் சிக்கல். பையன் பரீட்சை வருகிறது, இப்போது கிளறினால் மனசு உடைந்துபோவான், பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்துக் குணா நம் வீட்டுக்கு வந்தான், தெரியுமா? தெரியும், உள்ளேயிருந்து பார்த்துவிட்டுக் கேட்டைப் பூட்டியவன் நீதானே. என் நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்று அவனிடம் இருந்தது, அதைக் கொடுக்க வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று "ஆன்டி" என்று இரண்டு தரம் கூப்பிட்டான். நான் அடுப்படி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது, போய்த் திறக்கவில்லை. பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கேட்டில் தொங்கவிட்டுப் போனான். என் வாழ்க்கையில் நான் செய்த எத்தனையோ முட்டாள்தனங்களை நினைத்துச் சிரித்திருக்கிறேன், இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவன் என்னைக் காப்பாற்றத்தான் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை, ரசம் ஊற்றிய கைக்கு நன்றி பார்த்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. உன் இரண்டாவது தாளைப் படித்த பிறகு அந்த வசதி போய்விட்டது. வியாழக்கிழமை பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேனே, பல்லுக்கு ஒன்றும் இல்லை. கல்யாணக் கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். பழைய பாலத்துப் பக்கம் இரண்டு கடையில் விசாரித்தேன், மூன்றாவது கடையில் காட்டினார்கள். மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். முன்மண்டையில் முடி கொட்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். வேலைக்காரப் பையனை அனுப்பாமல் தானே போய்த் தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்குச் சுவிட்சைப் போட்டது நான்தான் குணா என்றேன்.

"தெரியும் ஆன்டி. நான் ஆஃப் பண்ணி, ஏரியலை மடக்கி வச்சிட்டுத்தான் தண்ணி வாங்கப் போனேன். வந்து பாக்கிறப்ப ஏரியல் ஃபுல்லா இழுத்திருந்துச்சு. வேற யாரு டெஸ்ட் பண்ணுவா?"

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னைக் காப்பாற்றவா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

"நீங்க சொல்வீங்கன்னு நின்னேன் ஆன்டி" என்றான். "பஸ் ஸ்டாப்பிலயும் ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு நின்னேன்."

அவன் குரலில் கோபமே இல்லை தம்பி. ஒரு பைக்கின் செயினைத் துடைத்துக்கொண்டே சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன், எனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. நான் அழுதேன். அவன் ஒரு சுத்தமான துணியைத் தேடி, பட்டறையில் அப்படி எதுவும் இல்லாமல், ஒரு பேப்பரை நீட்டினான். பிறகு கார்டைக் கொடுத்தேன். பிரித்து உன் பேரை வாசித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"நீங்க வந்தீங்க, அது போதும் லா. ஆனா கார்டு வேணாம். அவன் வந்து கூப்பிட்டா வரேன்."

என் கோபமெல்லாம் இப்போது எங்கே திரும்பியிருக்கிறது என்று புரிகிறதா? உன்மேல் பாதிதான். அறியாமல் எழுதினாய். ஆனாலும் ஒரே கிளிப்பை இரண்டு வருஷம் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றி ஒரு விளக்கு எரிந்ததை மட்டும் வைத்து எப்படியடா முடிவு செய்தாய்? ஏன் குணா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கார் நின்றுபோனால் பேட்டரியைப் பார், வயரைப் பார், பல்லைப் பார், கடைசியில்தான் மோட்டாரைக் குறை சொல் என்று எத்தனை தடவை உன்னிடம் சொல்லியிருப்பேன். மனுஷன் விஷயத்தில் மட்டும் நேராக மோட்டாரைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டாய். மீதிப் பாதிக் கோபம் முழுக்க எனக்கு. காரைக் கட்டியதற்கு என் பேரைப் போடு என்று உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டால், அது லோங்காங்கில் விழுந்ததற்கும் என் பேரைத்தான் போட வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று உன் அப்பா பதறுவார். நினைத்துக்கொள்ளட்டும். பதினேழு என்று கணீரென்று சொன்னவர் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

அதனால் உன் பேச்சில் இரண்டு தாளையும் அடித்துவிட்டேன். மூன்றாவது தாளில் அவளைப் பற்றி எழுதியது அழகாக இருக்கிறது, அதைத் தொடவில்லை. அடித்த இடத்தில் நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான். "என்னைப் பொறியாளன் ஆக்கியது ஒரு ரிமோட் பந்தயக் கார். அதைக் கட்டியவர் என் அம்மா. கடைசிப் பந்தயத்தில் தெரியாமல் அதைக் கவிழ்த்தவரும் என் அம்மா. செய்யாத குற்றத்துக்கு என்னால் பழி சுமந்தவன் என் நண்பன் குணா. அவன் இன்று இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்." நீ இதை வாசிக்கவில்லையென்றால் நானே எழுந்து மைக்கை வாங்குவேன். என் குரலுக்கு மைக் தேவையில்லை என்றும் உனக்குத் தெரியும்.

இதில் கடைசி வரி மட்டும் இன்னும் உண்மையாகவில்லை. உன் அம்மா உனக்குப் பொய் எழுதிக் கொடுத்தவளாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே வா. கிள்ளானுக்கு வழி நான் சொல்கிறேன். அன்றைக்குத் திறக்காத கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா